சாப்பாட்டுப் பை வைத்த நாற்காலி

நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளும் நானூறு வாசகர்களும் இருந்த ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், தூணுக்குப் பக்கத்தில் நாற்பத்தேழு என்று வெள்ளைப் பெயிண்டால் எண் போட்ட நாற்காலியில் ஏழு வருஷமாக உட்கார்ந்து, மற்றவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள் இசக்கியம்மாள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும் என்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம், பிறகு அதற்குத் தோது வராது.

அவள் சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவள். என்ன தலைப்பில் ஆராயலாம் என்று கேட்கப் போனபோது, அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அம்பலவாணன் பார்த்துக்கொண்டிருந்த ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "நம்ம லைப்ரரியில ஆளுக எப்படி நடந்துக்கிடுதாங்கன்னு பாரும்மா, எங்கயும் அலைய வேண்டாம் பாரு" என்று சொல்லிவிட்டார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, விரட்டுவதற்காகச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது. இசக்கியம்மாள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இருபத்துமூன்று நீள நோட்டுகளை நிரப்பினாள்.

அதிலே என்னவெல்லாம் இருந்தது என்கிறீர்கள். நாற்காலியில் பேனாவை மட்டும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் இருபது நிமிஷம் அந்த இடத்தை மதிப்பார்கள். கைக்குட்டை என்றால் முக்கால் மணி. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தால் ஒரு மணி, மூடி வைத்தால் அதில் பாதி. தண்ணீர் பாட்டில் நிரம்பியிருந்தால் ஒன்றரை மணி, காலியாக இருந்தால் குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஹெல்மெட் என்றால் நாலு மணி, ஏனென்றால் தலை மாதிரி இருக்கிற பொருளை நகர்த்த யாருக்கும் கை வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே சாப்பாட்டுப் பை, அதுவும் உள்ளே டிபன் பாக்ஸ் கனக்கிற பை, பொழுது அடையும்வரை, ஏன், மறுநாள்வரைகூட நிற்கும், அடுத்தவர் சோற்றை இடம் மாற்றிய பாவம் நமக்கு எதற்கு என்று அந்த நூலகத்தில் படிக்கிறவர்களும் படிக்காமல் ஃபேனுக்காக வருகிறவர்களும் ஒன்றுபோல நினைத்தார்கள். உட்கார்ந்திருப்பவரை எழுப்பவும் ஒரு முறை உண்டு. வாயால் கேட்பது முறையில்லை. பின்னால் போய் நின்று, பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றி, மூன்று தரம் பெருமூச்சு விட வேண்டும். பதினோரு நிமிஷத்துக்குள் மனுஷப் பிறவி எதுவும் எழுந்துவிடும். இத்தனையும் கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்து, தேதி போட்டு எழுதியிருந்தாள்.

எட்டு வருஷத்துக்கு மேல் பதிவு நிற்காது. ஜூன் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இருபத்துமூன்று நோட்டும் பழைய பேப்பர். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊரிலிருந்து அம்மா போன் போட்டு, "முடிஞ்சிட்டாட்டி?" என்று கேட்பாள். "சார் கையெழுத்துதாம்மா பாக்கி" என்பாள் இசக்கியம்மாள். ஊரில் அவர்கள் வீட்டை ஏற்கெனவே டாக்டர் வீடு என்று சொல்ல ஆரம்பித்து, காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு இரண்டு பேர் வந்தும் போய்விட்டார்கள்.

அந்தக் கையெழுத்துக்காக ஜூன் ஐந்தாம் தேதி காலையில் அவள் புறப்பட்டாள். போகும்போது, தான் கண்டுபிடித்ததிலேயே பலமான முறையைத் தன் இடத்துக்குச் செய்துவிட்டுப் போனாள்: எலுமிச்சைச் சோறு அடைத்த டிபன் பாக்ஸோடு சாப்பாட்டுப் பையை நாற்காலியில் வைத்தாள், இருபத்துமூன்று நோட்டையும் மேஜையில் அடுக்கினாள், பக்கத்து நாற்காலியில் அரசாங்கத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஜெபராணியிடம், "ஏட்டி, யாராவது கேட்டா ஆள் இருக்குன்னு சொல்லிரு, என்ன" என்றாள். "நீங்க போங்கக்கா, இந்த இடத்துல ஈ உக்கார விடமாட்டேன்" என்றாள் ஜெபராணி. சொன்ன சொல் தவறாத பிள்ளை. அதுதான் வினையாகப் போயிற்று.

அம்பலவாணன் சார் அறைக்கு வெளியே நிற்பதற்கும் ஒரு முறை இருந்தது. கதவுக்கு நேரே நிற்கக்கூடாது, தள்ளியும் நிற்கக்கூடாது. பெஞ்சு கிடந்தாலும் உட்காரக்கூடாது. அவர் வெளியே வருகிற ஒரு நிமிஷத்தில் ஆள் இல்லையென்றால், "அந்தப் பொண்ணுக்கு அக்கறை இல்லை" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். முதல் நாள் அவருக்குக் கூட்டம், இரண்டாம் நாள் விடைத்தாள், மூன்றாம் நாள் சம்பந்தி வீட்டார் வந்தார்கள், நாலாம் நாள் உள்ளேதான் இருந்தார், ஆனால் கூப்பிடவில்லை. நூலகம் திறப்பதற்கு முன்பே வந்து நின்று, பூட்டிய பிறகு விடுதிக்குப் போய்ப் படுத்து, இப்படி ஒன்பது நாள் நின்றாள். பத்தாம் நாள் மத்தியானம் அவர் வெளியே வந்து, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு, "இதுக்குப் போயா இத்தனை நாளு நின்னே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கையெழுத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நூலகத்துக்கு ஓடி வந்தாள். பை அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தாள், டிபன் பாக்ஸ் அன்றைக்குக் காலையில் அடைத்தது போலச் சூடாக இருந்தது. எடுக்கப் போனாள், வரவில்லை. பையின் காதை வேறொரு கை பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கை, ஆனால் வெதுவெதுப்பான, விரல் ஓரத்தில் பேனா பிடித்துக் காய்த்த கை. களைப்பில் அதை யோசிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தவள், ஒருத்தர் மடியில் உட்கார்ந்துவிட்டது தெரிந்து, "ஐயோ, மன்னிச்சிருங்க" என்று வெட்கத்தோடு எழுந்துகொண்டாள்.

அந்தச் சத்தத்துக்கு வாசல் மேஜையிலிருந்து ஞானதிரவியம் எழுந்து வந்தார். முப்பது வருஷமாக அங்கே உதவியாளர், யாரையும் அதட்டிப் பழக்கமில்லாத மனுஷர்.

"எம்மா, அங்க ஆள் இருக்குல்லா."

"அண்ணாச்சி, இது என் இடம். நாந்தான் பை வச்சிட்டுப் போனேன்."

"வச்சது நீதான், நான் இல்லைங்கலியே. ஆனா இப்ப உக்காந்திருக்கிறது யாரு?"

"யாரு?"

ஞானதிரவியம் நாற்காலியைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "அதெல்லாம் எப்படிம்மா கேக்க. படிச்சிட்டிருக்கவங்களைப் போயி யாருன்னு கேட்டா மரியாதையாவா இருக்கும்?"

ஜெபராணி அழுதுவிட்டாள். "அக்கா, அறுபத்துமூணு பேர் கேட்டாங்க, அறுபத்துமூணு பேருட்டயும் ஆள் இருக்குன்னேன். அஞ்சாம் நாளு நாலு மணிக்கு நாற்காலி கிர்ருன்னுச்சு, பாத்தா நெசமாவே யாரோ உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு. நீங்கதான் அனுப்பிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

இசக்கியம்மாள் தானே எழுதிய முறைப்படி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள், அதுவும் ஜெபராணியிடம் இரவல் வாங்கிய பை. மூன்று தரம் பெருமூச்சு விட்டாள். பதினோரு நிமிஷம் கழிந்தது, ஒரு மணி நேரம் கழிந்தது, பூட்டுகிற மணி அடித்தது. மறுநாளும் நின்றாள், அதற்கு மறுநாளும் நின்றாள். நோட்டின் பக்கங்கள் மட்டும் மெள்ள மெள்ளப் புரண்டன, ஒருத்தர் நிதானமாகப் படித்துப் பார்க்கிற மாதிரி.

மற்ற நாற்காலிகளுக்கு அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. சட்டம் படிக்கிற ஒருத்தன் ஹெல்மெட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான், நாலு மணி நேரம் கழித்து வந்தால் ஆள் இருந்தது. கைக்குட்டை வைத்த இடத்தில் முக்கால் மணியில் ஆள் வந்தது. கவிழ்த்து வைத்த புத்தகத்துக்கு ஒரு மணி. அவள் நோட்டில் எழுதிய கணக்கு ஒரு நிமிஷம் பிசகாமல் ஒவ்வொன்றாக நிறைந்து, ஒரு வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது. ஒருத்தரும் கண்ணுக்குத் தெரியவில்லை.

கலவரம் வரும், போலீஸ் வரும், மந்திரவாதி வருவான் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அங்கே எல்லோரும் அனுசரித்துப் போகிறவர்கள். மாணவர்கள் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தார்கள், தரை நிறைந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள், படி நிறைந்ததும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு படித்தார்கள். ஹெல்மெட் இருந்த நாற்காலிக்கு எதிரே போகும்போது பெண்பிள்ளைகள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார்கள். தோல் பை இருந்த நாற்காலிக்கு இளைய ஆய்வாளர்கள் காலையில் வணக்கம் வைத்தார்கள், எந்தத் துறைத் தலைவரோ, நமக்கு எதற்கு வம்பு என்று. ஃபேனைக் குறைக்கப் போன ஒருத்தியை, "அவங்களுக்கு வேர்க்கும்லா" என்று நாலு பேர் தடுத்தார்கள். வருகைப் பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து குறைகிறதே என்று நூலகர் கேட்டபோது, ஞானதிரவியம் வலது கையால் பாதியும் இடது கையால் பாதியும் அவரே போட்டார். தலைநகரிலிருந்து தர மதிப்பீட்டுக் குழு வந்து, எட்டிப் பார்த்து, இப்படி ஒரு வாசிப்புக் கூடத்தை நாங்கள் பார்த்ததே இல்லை, ஒருத்தர்கூடத் தூங்கவில்லை, போன் பார்க்கவில்லை, பப்ஸ் தின்று தூள் சிந்தவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. நாற்பத்தேழாம் நாற்காலிக்குச் சிறந்த வாசகர் விருதும் வந்தது.

ஜூன் இருபத்தாறாம் தேதி இசக்கியம்மாள் அம்பலவாணன் சாரை நூலகத்துக்கே கையோடு அழைத்து வந்தாள். எட்டு வருஷத்தில் அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. நாற்காலிக்கு முன்னால் நின்று, நோட்டுகளைப் புரட்டி, ஒன்று இரண்டு பக்கம் படித்தவர் முகம் மாறிவிட்டது. "பிரமாதமா இருக்கே" என்றார். நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சார், அது நான் எழுதினது."

"நீதாம்மா எழுதினே. கையெழுத்துத் தெரியாதா எனக்கு?"

"அப்ப எந்திரிக்கச் சொல்லுங்க சார். நோட்டை எடுக்கணும், டைப் அடிக்கணும், நாலு நாள்தான் இருக்கு."

சார் அவளைத் தூணுக்கு மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குப் புத்தி சொல்கிற மாதிரி சொன்னார்: "விதியைப் பாரு இசக்கி. ஆய்வாளர் தன் இடத்துல தொடர்ந்து இருக்கணும், ஏழு நாளுக்கு மேல இடைவெளி வந்தா பதிவு செல்லாது. பதிவேட்டை எடுத்துப் பாத்தேன். அஞ்சாம் தேதியிலிருந்து உன் கையெழுத்தே இல்லை. நாற்பத்தேழு ஒரு நாள் தவறலை."

"அந்த ஒம்பது நாளும் உங்க ரூமுக்கு வெளியிலதான சார் நின்னேன்."

"நின்னே. ஆனா அங்க பதிவேடு இல்லையேம்மா."

வாயைத் திறந்தால் நூலகத்தில் சத்தம் போட்டதாகிவிடும். இசக்கியம்மாள் தூணில் ஒட்டியிருந்த பழைய அறிவிப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சார் போகும்போது நாற்காலியைக் காட்டி, "இந்த ஆளு ஒரு நாள் என் வாசல்ல வந்து நின்னு தொந்தரவு பண்ணுச்சா? படிக்கிறதுன்னா இப்படிப் படிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அலுவலகத்து ஆட்கள் வந்து கேட்டதும் நோட்டுகள் தாமாகவே மேஜையில் நகர்ந்து அவர்கள் கைக்குப் போயின. டைப் அடித்து, அட்டை போட்டுக் கட்டி, ஆய்வாளர் பெயர் என்ற இடத்தில் இருக்கை எண் நாற்பத்தேழு என்று போட்டு, முப்பதாம் தேதி மத்தியானமே ஒப்படைத்துவிட்டார்கள்.

அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டபோது, "முடிஞ்சிட்டும்மா" என்றாள் இசக்கியம்மாள். அதிலே பொய் இல்லை.

வாய்மொழித் தேர்வு கார்த்திகையில் வந்தது. தேர்வாளர்களுக்கும் வருகிறவர்களுக்கும் பலகாரம் ஏற்பாடு செய்ய வேண்டியது ஆய்வாளரின் பொறுப்பு, அது எழுதாத விதி. நாற்பத்தேழு எழுந்து போய் லட்டு வாங்குமா? ஞானதிரவியம் தலையைச் சொறிந்துகொண்டே இசக்கியம்மாளிடம் வந்தார். "எம்மா, உனக்குத்தான் இந்த ஆய்வைப் பத்தித் தெரியும். எத்தனை பேர் வருவாக, யாருக்குச் சர்க்கரை இல்லாம காபி, எல்லாம் நீ பாத்துக்கிட்டேன்னா..." முடிக்க முடியாமல் சுவரைப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டாள். லட்டு, மிக்சர், காபி ஃபிளாஸ்க் மூன்று.

வாசிப்புக் கூடத்திலேயே தேர்வு நடந்தது. வெளித்தேர்வாளராக வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து சௌந்தரவல்லி என்றொரு பேராசிரியை வந்திருந்தார். ஒடிசலான உடம்பு, கூர்மையான கண்ணாடி, ஆய்வேட்டை வரி விடாமல் படித்தவர் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

"ஹெல்மெட்டுக்கு நாலு மணி நேரம் மதிப்புன்னு எழுதியிருக்கீங்க. பெண்கள் வைக்கிற ஹெல்மெட்டுக்கும் அதே நாலு மணிதானா?"

நாற்காலி பேசவில்லை. அம்பலவாணன் சார், "ரொம்ப அடக்கமான ஆளு மேடம்" என்றார். சௌந்தரவல்லி பேனா மூடியைத் திறந்து, மதிப்பெண் தாளில் எதையோ எழுதப் போனார். அவர் எழுதப் போவது குறைவான எண் என்பது மிக்சர் தட்டோடு கடைசியில் நின்ற இசக்கியம்மாளுக்குத் தெரிந்தது, பேசாமல் இருந்திருக்கலாம், இருந்திருந்தால் அந்த நாற்காலி தோற்றுப் போயிருக்கும், தோற்றால் ஒருவேளை எழுந்தும் போயிருக்கும். ஏழு வருஷத்து வேலை ஒரு பதிலில்லாமல் நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்லை மேடம். பொம்பளைங்க வச்ச ஹெல்மெட்டுக்கு ரெண்டு மணிதான். பன்னிரண்டாம் நோட்டுல இருக்கு, டைப் அடிச்சவங்க விட்டுட்டாங்க."

சௌந்தரவல்லி நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்ல பதில். ஏன் ரெண்டு மணி?"

இசக்கியம்மாள் சொன்னாள். அடுத்த கேள்விக்கும் சொன்னாள். ஏன் ஒருத்தரும் ஒருத்தரை வாயால் எழுப்புவதில்லை, ஏன் வராத ஆளுக்கு இத்தனை மரியாதையும் வந்து நிற்கிற ஆளுக்கு இத்தனை எரிச்சலும், ஒரு இடம் யாருக்குச் சொந்தம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள், தட்டைக் கையில் பிடித்தபடியே ஒரு மணி நேரம் சொன்னாள், எட்டு வருஷத்தில் அவளிடம் ஒருத்தர் கேள்வி கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். குரல் தெளிந்து, நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு பதிலுக்கும் சௌந்தரவல்லி நாற்காலியைப் பார்த்துப் புன்னகைத்தார். கடைசியில் எழுந்து, "இந்த ஆய்வாளருக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்" என்றார். கூடம் கைதட்டியது. நாற்காலியில் பொன்னாடை போர்த்தினார்கள். ஆடை வழுக்கி விழாமல் இரண்டு தோள்மேல் நின்றது, வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்து, வெகுநாள் குனிந்து எழுதியவர் தோளாக.

பிறகு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அம்பலவாணன் சார் தன் போனை அவளிடம் கொடுத்தார். "இசக்கி, நீ எடும்மா. உனக்குத்தான் கை நிதானம்."

அவள் வாங்கிப் பார்த்தாள். எல்லோரும் படத்துக்குள் அடங்கவில்லை. "கொஞ்சம் பின்னால போம்மா" என்றார்கள். போனாள். நூற்றுப் பன்னிரண்டு நாற்காலியும் படத்தில் வர வேண்டும் என்றார் நூலகர், போனாள். தரையில் இருந்தவர்களும் படியில் இருந்தவர்களும் நாங்கள் விழவில்லையே என்றார்கள், கதவைத் தாண்டினாள், போர்டிகோவைத் தாண்டினாள், "இன்னும் கொஞ்சம்" என்ற குரல் வந்துகொண்டே இருந்தது, போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி, முகத்தைத் திருப்பாமல், பின்னாலேயே நடந்து பெரிய கேட்டைத் தாண்டினாள், புறவழிச்சாலையைத் தாண்டினாள். படம் எடுக்கிறவருக்குக் குறுக்கே போகக்கூடாது என்கிற மரியாதை எல்லோருக்கும் உண்டு; லாரிகள் நின்றன, டவுன் பஸ்கள் நின்றன, ஆட்டு மந்தையைக்கூட ஒருத்தர் தடுத்து நிறுத்திக்கொண்டு, "எடுத்துக்கோம்மா, மெதுவா எடுத்துக்கோ" என்றார். ரயில் ஒன்று சிக்னல் இல்லாமலே காத்திருந்தது. பனங்காட்டுக்கு நடுவே, காற்றாலைகளுக்கு நடுவே ஒரு நீளமான வழி திறந்துகொண்டே வந்தது, அவள் அதன் கடைசியில் சிறுத்துக்கொண்டே போனாள், ஒரு கட்டத்தில் நூலகத்திலிருந்தவர்கள் இமைக்காமல் சிரித்துச் சிரித்து வாய் வலித்து நிற்கும்போது, எங்கிருந்தோ, க்ளிக் என்று கேட்டது.

படம் சாருடைய மற்றொரு போனுக்கு வந்து சேர்ந்தது. ஒருத்தர் விடாமல் விழுந்திருந்தார்கள். கொண்டுபோன போனும் வரவில்லை, அவளும் வரவில்லை. சார் போனைப் பற்றி மட்டும் சில நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு நூலக வாசலில் மாட்டினார்கள். தை மாசத்தில் ஒரு நாள், கையில் பழைய மஞ்சள் பையோடு ஒரு அம்மாள் விசாரித்துக்கொண்டு வந்து, படத்துக்கு முன்னால் நின்று, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். ஞானதிரவியம் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"எம் மவ இதுல எங்க நிக்கா?"

"இதுல இல்லை ஆத்தா. எடுத்தது அவதான்."

அம்மாள் மறுபடியும் முதல் முகத்திலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை முகங்களைப் பார்க்கவில்லை, அந்த முகங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பார்த்தாள். நானூறு பேரும் ஒரே பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் படத்துக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பி, அவர்கள் பார்த்த திசையில் தானும் பார்த்தாள்.

"அப்ப இங்கிட்டுத்தான் நின்னிருப்பா" என்றாள்.

"தூரமா இருக்கும் ஆத்தா."

"இருக்கட்டும்."

போர்டிகோவில் இறங்கி, கேட்டைத் தாண்டி, புறவழிச்சாலைக்கு வந்தாள். லாரிகளும் பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன, ஒன்றும் நிற்கவில்லை. ஓரமாக நின்றாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், மஞ்சள் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டில் கால் வைத்தாள்.